கறவைப் பசுவின் தீவனத்தில் மாவுப்பொருளும் புரதமும்

பங்காருப்பேட்டைச் சந்திப்பிலிருந்து கிளைத்துச் செல்லும் இருப்புப் பாதை மாரிகுப்பத்தோடு முடிகின்றது. கோலார் தங்கவயலின் சுரங்கங்களை முன்னிட்டு 1894ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாதை அது. சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் மூடப்பட்டன. பாதை மட்டும் இன்றும் ஓயாமல் உழைக்கின்றது. விடியுமுன் வண்டியேறிப் பெங்களூரில் வேலை பார்த்து, இரவில் வீடு திரும்புவோர் அதனை நம்பியுள்ளனர். அத்தகைய குடும்பங்கள் சிலவற்றில் கொட்டிலில் கட்டியுள்ள ஒன்றிரண்டு பசுக்கள் வீட்டுச் செலவில் ஒரு பங்கைத் தாங்குகின்றன. பொன், பட்டு, பால் ஆகிய மூன்றுக்கும் பெயர்பெற்றது கோலார்ச் சீமை என்பது வழக்கு. இம்மூன்றில் பொன் நின்றுவிட்டது. எஞ்சிய இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகக் கூடியவை என்பது பின்னர் விளங்கும்.

மாரிகுப்பத்தில் மாடு வளர்ப்போருக்கு மேய்ச்சல் நிலம் என்று சொல்லத்தக்கது குறைவு. பாறையை அரைத்துப் பொன்னைப் பிரித்தபின் கொட்டப்பட்ட மண், ‘சயனைடு மேடு’ என்ற பெயரில் குன்று குன்றாக நிற்கின்றது. அதன்மேல் மாட்டுக்கான புல்லை எதிர்பார்க்க இயலாது. சுற்றுப்புறச் சிற்றூர்களில் மானாவாரியாக விளையும் கேழ்வரகின் வைக்கோலே (இவ்வட்டாரத்தார் ராகி என்றே சொல்வர்) பசுவின் அடிப்படை உணவாகும். புண்ணாக்கும் தவிடும் மாவும் கடையிலிருந்து வருகின்றன. காலாற மேயும் மாடு தனக்கு வேண்டியதை ஓரளவு தானே தேடிக்கொள்ளும். கட்டிப் போட்டுக் காசுக்கு வாங்கி ஊட்டப்படும் மாட்டிற்கோ, இடுபவர் கணக்கே கணக்கு. அக்கணக்கு பிசகினால் பால் குறைவதோடு நில்லாது. சில வேளைகளில் பசுவையே இழக்க நேரிடும்.

கணக்கு பிசகும் வழிகள் பெரும்பாலும் இரண்டு. பசு மெலிந்து காணப்பட்டால் மாவுக் கஞ்சியை மிகுதியாக ஊற்றுவது ஒன்று. பால் நீர்த்திருந்தால் புண்ணாக்கை ஏற்றிவிடுவது மற்றொன்று. இரண்டும் முற்றிலும் தவறல்ல. இரண்டும் பாதி உண்மை. மாவுப்பொருளும் புரதமும் தனித்தனியே வேலை செய்யும் இரு மருந்துகள் என்ற எண்ணமே இதில் உள்ள பிழை. பசுவின் வயிற்றுக்குள் நடப்பதைச் சிறிது அறிந்துகொண்டால் இவ்வெண்ணம் தானே விலகும்.

பசு தான் தின்றதை நேரே செரிப்பதில்லை. தீவனம் முதலில் சென்று தங்கும் பெருவயிறு, வளர்ந்த பசுவில் நூறு லிட்டருக்கு மேலும் கொள்ளும் ஒரு நொதிக்கலம். அதனுள் எண்ணிலடங்கா நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவையே முதற்பந்தியில் அமர்பவை. வைக்கோலின் நார்ப்பொருளையும் தானியத்தின் மாவுப்பொருளையும் அவை நொதிக்கச் செய்து, அசெட்டிக், புரொப்பியானிக், பியூட்டிரிக் ஆகிய அமிலங்களாக மாற்றுகின்றன. இவ்வமிலங்கள் வயிற்றுச் சுவர் வழியே இரத்தத்தில் கலந்து பசுவுக்குச் சக்தியளிக்கின்றன. நாரிலிருந்து மிகுதியாக வரும் அசெட்டிக் அமிலம் பாலின் கொழுப்பாகின்றது. மாவுப்பொருளிலிருந்து மிகுதியாக வரும் புரொப்பியானிக் அமிலம் ஈரலில் குளுகோசாகி, மடியில் பாற்சர்க்கரையாகின்றது. மடிக்குள் நீரை இழுப்பது பாற்சர்க்கரையே. ஆதலால் கறக்கும் பாலின் அளவு பெரும்பாலும் அதனைப் பொறுத்தது. வைக்கோல் மட்டும் தின்னும் பசு கெட்டியான பாலைக் கொஞ்சமாகக் கறப்பதற்கு இது ஒரு காரணம்.

புரதத்தின் கதை இன்னும் விந்தையானது. புண்ணாக்கிலுள்ள புரதத்தின் பெரும்பகுதி, புரதமாகவே பசுவின் குடலைச் சென்றடைவதில்லை. நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து அம்மோனியா வரை கொண்டுவந்துவிடுகின்றன. பின்னர் அதே அம்மோனியாவைக் கொண்டு தம் உடலை வளர்த்துப் பெருகுகின்றன. பெருகிய நுண்ணுயிர்கள் தீவனத்தோடு கீழிறங்கி, அடுத்த இரைப்பையிலும் குடலிலும் செரிக்கப்படுகின்றன. பசு பெறும் புரதத்தில் பெரும்பங்கு இந்த நுண்ணுயிர்களின் உடலே. பசு தன் தொட்டியில் தின்பது ஒன்று, தன் குடலில் உண்பது வேறொன்று எனலாம்.

நுண்ணுயிர் பெருகுவதற்கு அம்மோனியா மட்டும் போதாது. அதனைக் கோத்து உடலாக்கச் சக்தி வேண்டும். அச்சக்தியை உடனுக்குடன் தருவது மாவுப்பொருள். ஏறக்குறைய ஒரு கிலோ செரிமானச் சத்திலிருந்து 130 கிராம் அளவில் நுண்ணுயிர்ப் புரதம் உண்டாகின்றது என்பது இன்று வழங்கும் கணக்கு. கட்டிடம் கட்டுமிடத்தில் செங்கல் வந்து குவிந்து, சாந்து வராதிருந்தால் சுவர் எழும்புவதில்லை. சாந்து குழைத்து வைத்தும் செங்கல் வாராவிடில் அது இறுகி வீணாகின்றது. புரதம் மட்டும் ஏறினால் மிஞ்சும் அம்மோனியா இரத்தத்தில் கலந்து ஈரலுக்குச் சென்று, யூரியாவாக மாறிச் சிறுநீரிலும் ஓரளவு பாலிலும் வெளியேறும். இம்மாற்றத்திற்கும் பசுவே சக்தியைச் செலவிட வேண்டும். மாவுப்பொருள் மட்டும் ஏறினால் அமிலம் குவியும், நுண்ணுயிர் பெருகாது, வைக்கோலும் சரிவரச் செரியாது. இவ்விரண்டும் ஒரே நாளில் மட்டுமன்று, ஏறக்குறைய ஒரே வேளையில் வயிற்றில் சந்திக்க வேண்டும். காலையில் கஞ்சியும் மாலையில் புண்ணாக்கும் என்று பிரித்து இடுவதிலும், இரண்டையும் கலந்து இரு வேளையும் இடுவது சிறந்தது.

இக்கருத்தைத் திட்டவட்டமாக நிறுவிய சோதனை பின்லாந்து நாட்டில் நடந்தது. 1945ஆம் ஆண்டில் இரசாயனத்திற்கான நோபெல் பரிசு பெற்ற ஆர்ட்டூரி விர்த்தானன், கறவைப் பசுக்களுக்குப் புரதமே இல்லாத தீவனத்தைக் கொடுத்துப் பார்த்தார். தூய மாவுப்பொருள், சர்க்கரை, நார்ப்பொருள் ஆகியவற்றோடு, புரதத்திற்குப் பதிலாக யூரியாவும் அம்மோனிய உப்பும் சேர்க்கப்பட்டன. பசுக்களைப் படிப்படியாகப் பழக்கியபின், அவை பால் கறந்தன, கன்றும் ஈன்றன. ஆண்டொன்றுக்கு 4,000 கிலோவுக்கு மேல் கறந்த பசுவும் அவற்றுள் உண்டு. முடிவுகள் 1966ஆம் ஆண்டில் வெளியாயின. அப்பாலின் புரதம் முழுவதும் நுண்ணுயிர்கள் கட்டியதே. இதனைக் கேட்ட எவரும் வீட்டில் யூரியாவைக் கையால் அள்ளிக் கலக்கத் துணியலாகாது. அளவு சற்று மிஞ்சினாலும், சரியாகக் கலவாமல் ஓரிடத்தில் திரண்டாலும், யூரியா சில மணி நேரத்தில் மாட்டைக் கொன்றுவிடும். சோதனையிலிருந்து கற்க வேண்டியது நுண்ணுயிரின் திறமையையேயன்றி யூரியாவின் பெருமையை அன்று.

பழைய அட்டவணைகளைக் கையாளும் களப்பணியாளருக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஜெர்மனியில் மோக்கர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஆஸ்கர் கெல்னர் (1851–1911), தீவனங்களின் சக்தியை ஒப்பிட ஓர் அளவுகோல் வகுத்தார். உடல் பராமரிப்புக்கு மேல் ஒரு கிலோ தூய மாவுப்பொருளை எருதுக்கு ஊட்டினால் 248 கிராம் கொழுப்பு உடலில் சேர்கின்றது என்று கண்டு, பிற தீவனங்களை அதனோடு ஒப்பிட்டு ‘மாவுப்பொருள் சமன்’ என்று குறித்தார். இந்தியத் தீவனங்களுக்கான பழைய பட்டியல்களிலும் இச்சொல் காணப்படும். கடலைப் புண்ணாக்கிற்கு எதிரே மாவுப்பொருள் சமன் உயர்ந்திருப்பதைக் கண்டு, அதில் மாவுப்பொருள் மிகுதி என்று கொள்வோர் உளர். அது சக்தியின் அளவே, மாவுப்பொருளின் அளவன்று. புண்ணாக்கில் மாவுப்பொருள் மிகக் குறைவு. பிற்காலத்தில் மொத்தச் செரிமானச் சத்து என்ற அளவு அதன் இடத்தைப் பிடித்தது. கீழ்வரும் கணக்கிலும் அதுவே கையாளப்படுகின்றது.

கணக்கிற்கு 400 கிலோ எடையும், நாளொன்றுக்கு 10 லிட்டர் கறவையும் உள்ள ஒரு கலப்பினப் பசுவை எடுத்துக்கொள்ளலாம். உயிர் வாழவும் உடலைக் காக்கவும் அதற்கு ஏறக்குறைய 3.1 கிலோ செரிமானச் சத்தும் 320 கிராம் கச்சாப் புரதமும் வேண்டும். அதன்மேல், 4 விழுக்காடு கொழுப்புள்ள ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 320 கிராம் செரிமானச் சத்தும் 90 கிராம் புரதமும் வேண்டும். 10 லிட்டருக்கு ஆக மொத்தம் 6.3 கிலோ சத்து, 1,220 கிராம் புரதம்.

இப்பசுவுக்கு 6 கிலோ கேழ்வரகு வைக்கோலும் 10 கிலோ வீரிய ஒட்டு நேப்பியர் புல்லும் கிடைக்கின்றன என்று கொள்வோம். கேழ்வரகு வைக்கோல் நெல் வைக்கோலினும் மேலானது. கிலோவுக்கு 450 கிராம் அளவில் செரிமானச் சத்து தரும். ஆயினும் அதன் புரதம் 32 கிராம் அளவே. புல்லின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு நீர் ஆதலால், கிலோவுக்கு 110 கிராம் சத்தும் 16 கிராம் புரதமுமே தேறும். இரண்டும் சேர்ந்து 3.8 கிலோ சத்தையும் 350 கிராம் புரதத்தையும் அளிக்கின்றன. பராமரிப்பைக் கழித்தால் சத்தின் கணக்கில் இரண்டு லிட்டர் பாலுக்குச் சற்று மேல் இடமுண்டு. புரதத்தின் கணக்கில் எஞ்சுவது 30 கிராம். அது அரை லிட்டருக்கும் போதாது. வைக்கோலை அடிப்படையாகக் கொண்ட தீவனத்தில் முதலில் தட்டுப்படுவது புரதமே என்பது இங்கே தெளிவாகின்றது.

வீட்டிலுள்ள கேழ்வரகு மாவையோ மக்காச்சோள மாவையோ 2.5 கிலோ சேர்த்தால் என்ன ஆகும்? கிலோவுக்கு 780 கிராம் சத்தும் 80 கிராம் புரதமும் என்று கொண்டால், மொத்தச் சத்து 5.75 கிலோவாகவும் புரதம் 550 கிராமாகவும் உயரும். சத்து எட்டு லிட்டர் பாலுக்குப் போதும். புரதமோ இரண்டரை லிட்டரோடு நின்றுவிடும். இதோடு தீங்கு முடியவில்லை. உலர் பொருளில் புரதம் ஏறக்குறைய 7 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கினால் நுண்ணுயிர் பட்டினி கிடக்கும். வைக்கோல் செரிப்பது மந்தமாகும். பசு தின்பதும் குறையும். மேற்படி தீவனத்தில் அது 6 விழுக்காட்டையும் எட்டவில்லை. மாவு வயிற்றை நிரப்பியும் வைக்கோலின் பயனைக் கெடுத்துவிட்டது.

மாவுக்குப் பதிலாக 2.5 கிலோவும் கடலைப் புண்ணாக்காகவே இட்டால், கிலோவுக்கு 700 கிராம் சத்தும் 400 கிராம் புரதமும் என்ற அளவில், சத்து 5.55 கிலோ, புரதம் 1,350 கிராம். புரதம் பதினொரு லிட்டருக்குப் போதுமானது; சத்தோ ஏழரை லிட்டருக்கே காணும். இடைப்பட்ட புரதம், ஏறக்குறைய 340 கிராம், பாற்புரதமாக மாட்டாது. முக்கால் கிலோவுக்கு மேற்பட்ட புண்ணாக்கின் புரதம் அது. கடையில் எடைபோட்டு வாங்கிய பொருள் கொட்டிலின் சாக்கடையில் அம்மோனியா நாற்றமாகப் போகின்றது.

அதே 2.5 கிலோவை ஒன்றரைக் கிலோ புண்ணாக்கும் ஒரு கிலோ மாவுமாகப் பிரித்தால், சத்து 5.63 கிலோவும் புரதம் 1,030 கிராமும் கிடைக்கும். இரண்டுமே எட்டு லிட்டரை நெருங்கி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. நுகத்தின் இருபுறமும் சமமாக இழுக்கும் நிலை இது. புண்ணாக்கு ஒரு கிலோ குறைந்தும் பாலுக்கான இடம் குறையவில்லை, சற்றே கூடியுமுள்ளது. பத்து லிட்டருக்கு எட்ட வேண்டுமாயின், மாவு ஒன்றரைக் கிலோ, புண்ணாக்கு ஒன்றரைக் கிலோ, கோதுமைத் தவிடு ஒரு கிலோ என்று இடலாம். தவிட்டில் கிலோவுக்கு 630 கிராம் சத்தும் 150 கிராம் புரதமும் இருப்பதாகக் கொண்டால், மொத்தம் 6.65 கிலோ சத்து, 1,220 கிராம் புரதம் ஆகும். பசு தின்னும் உலர் பொருள் 11 கிலோ அளவில் இருக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு வைக்கோலும் புல்லுமாகவே இருக்கும். தவிடு பாஸ்பரஸையும் தருவதால், அது குறைவாயுள்ள வைக்கோலுக்கு நல்ல துணை. தாது உப்புக் கலவையும் சாதாரண உப்பும் இதன்மேல் சேர வேண்டும்.

எண்களை வேத வாக்காகக் கொள்ளலாகாது. ஒரு வயலின் வைக்கோல் மற்றொரு வயலின் வைக்கோல் போல் இராது. எண்ணெய் முற்றாக வடிக்கப்பட்ட புண்ணாக்கும் செக்குப் புண்ணாக்கும் வேறு. கன்று ஈன்ற முதல் இரண்டு மூன்று மாதங்களில் பசு தன் உடற்கொழுப்பைக் கரைத்துச் சத்துக் குறையை ஈடுசெய்து கறக்கும். இதனால் தீவனம் போதும் என்ற மயக்கம் உண்டாகும். ஆனால் புரதத்தை அவ்வாறு சேமித்து வைக்க உடலில் பெரிய கிடங்கு இல்லை. கணக்கு சொல்வது திசையை. பசுவும் பாலும் சொல்வதைக் கொண்டு அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். தேசியப் பால்வள வளர்ச்சி வாரியம் 2012 முதல் 2019 வரை நடந்த தேசியப் பால்வளத் திட்டத்தின் முதற்கட்டத்தில் ஊர்தோறும் ஆள் பயிற்றி, பசுவின் காதிலிட்ட எண்ணைக் கொண்டு கணிப்பொறியில் செய்வித்த சமச்சீர்த் தீவனக் கணக்கும் அடிப்படையில் இதுவே. கணிப்பொறி இல்லாவிடத்தும் ஒரு தாளும் பென்சிலும் இவ்வளவு செய்யும்.

பட்டும் பாலும் துணையாவது இங்கேதான். கோலார்ச் சீமையில் பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில், புழு தின்றது போக எஞ்சும் மல்பெரி இலையும் இளந்தண்டும் நாள்தோறும் கழிகின்றன. மல்பெரி இலையின் உலர் பொருளில் புரதம் 15 முதல் 20 விழுக்காடு வரையும், சில வேளை அதற்கு மேலும் உண்டு, எளிதில் செரிப்பதும்கூட. இலை மிகுந்த மீதியை நாளொன்றுக்கு ஐந்து கிலோ இட முடிந்தால், ஏறக்குறைய அரைக் கிலோ புண்ணாக்கைக் குறைத்துக்கொள்ளலாம். புழுவைக் கொல்லும் பூச்சிமருந்து இலைமீது பட்டிருந்தால் அதனைத் தின்ற புழுவே முதலில் செத்திருக்கும். ஆதலால் புழு தின்று தேறிய இலை மாட்டுக்கும் பெரும்பாலும் அச்சமற்றதே. ஆயினும் புழுப் படுக்கையின்மேல் சுண்ணாம்புத் தூளோ நோய்த்தடுப்புத் தூளோ தூவியிருப்பின், அம்மீதியைத் தொட்டியிலிடாமல் எருக்குழிக்கே அனுப்ப வேண்டும். அகத்தி, சூபாபுல் போன்ற மரத்தழைகளும் புரதம் மிக்கவை. சூபாபுல்லில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் உள்ளமையால் அதனைப் பசுந்தீவனத்தில் ஒரு சிறு பங்காகவே கொள்ளலாம்.

மாவுப்பொருள்களுக்குள்ளும் வேகத்தில் வேறுபாடு உண்டு. மக்காச்சோளமும் சோளமும் பெருவயிற்றில் மெல்ல நொதிப்பவை. கோதுமை விரைவாக நொதிக்கும். எந்தத் தானியமானாலும் வேகவைத்தால் மாவுப்பொருள் குழைந்து நொதிப்பது மேலும் விரைவாகும். சோறும் களியும் கஞ்சியும் பச்சைத் தானியத்தைவிட அபாயமாவது இதனாலேயே. கேழ்வரகு மிகச் சிறிய மணியாதலால், உடைக்காமல் இட்டால் ஒரு பகுதி சாணத்தோடு முழுதாக வெளியேறும். கரகரப்பாக உடைப்பது போதும். மைபோல் அரைப்பது வேண்டாம். புரதத்திலும் இவ்வேறுபாடு உண்டு. கடலைப் புண்ணாக்கின் புரதம் பெருவயிற்றில் விரைந்து சிதையும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் தேங்காய்ப் புண்ணாக்கும் சிதைவது குறைவு. அவற்றில் ஒரு பங்கு சிதையாமல் குடலுக்கே சென்று சேரும். பத்து லிட்டர் பசுவுக்கு இது பெரிய வேறுபாடன்று. பதினைந்து லிட்டருக்கு மேல் கறப்பவற்றுக்கு நுண்ணுயிர்ப் புரதம் மட்டும் போதாதாகையால், இத்தகைய புண்ணாக்கைக் கலப்பது பயன் தரும்.

மாவுப்பொருள் ஒரே வேளையில் மிகுந்துவிடுவதே எல்லாவற்றினும் கொடியது. மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுந்து ஊட்டும் பொங்கலும், கல்யாண வீட்டில் மிஞ்சி அண்டாவோடு வந்து சேரும் சோறும், அவிழ்ந்துவிட்ட மாடு தானே கண்டுபிடித்துத் தின்ற மாவு மூட்டையும் ஒரே வழியில் கொல்பவை. பழக்கமில்லாத மாவுப்பொருள் திடீரென்று வந்து விழும்போது, விரைந்து பெருகும் ஒருவகை நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தைக் குவிக்கின்றன. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. உடலிலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகின்றது. பசு அசைபோடுவதை நிறுத்தும், இடப்புறம் வயிறு கனக்கும், சாணம் புளித்த நாற்றத்தோடு நீராகப் போகும், கண் குழிவிழும், தள்ளாடிப் படுத்துவிடும். சில மணி நேரம் தாழ்த்தினாலும் பிழைப்பது அரிது. மாவுத் தீவனம் அனைத்தையும் நிறுத்தி, வைக்கோலை மட்டும் முன்னே போட்டு, தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். சமையல் சோடா கரைத்துக் கொடுப்பது அமிலத்தைத் தணிக்கும் முதலுதவியே; அளவு மருத்துவர் சொற்படி இருக்கட்டும். எண்ணெயும் கஷாயமும் ஊற்றி இரவைக் கழித்துவிட்டுக் காலையில் மருந்தகம் தேடுவதாலேயே பல பசுக்கள் இறக்கின்றன. மாட்டின் மேலுள்ள அன்பைப் பண்டிகை நாளில் காட்ட விரும்புவோருக்கு ஒரு கைப்பிடிப் பொங்கலும் ஒரு கட்டுப் பசும்புல்லும் போதும்.

இவ்வாறு வெளிப்படையாக நோயாகாமல், உள்ளூர அமிலம் மிகுந்து நிற்கும் நிலையும் உண்டு. தானியம் நாள்தோறும் மிகுந்து, வைக்கோல் குறையும் கொட்டில்களில் இது காணப்படும். பசு ஒருநாள் நன்கு தின்னும், மறுநாள் ஒதுக்கும். சாணம் ஒருநாள் இளகும், மறுநாள் இறுகும். சில மாதங்களில் குளம்பு நோகத் தொடங்கும். அடர் தீவனம் உலர் பொருளில் பாதியைத் தாண்டலாகாது என்பதும், கூட்ட வேண்டியிருப்பின் இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும் என்பதும், ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரிக்க வேண்டும் என்பதும் இதனைத் தடுக்க ஏற்பட்ட விதிகள். முதலில் வைக்கோலும் பின்னர் மாவும் என்ற முறைமையும் நன்று. அசைபோடும்போது சுரக்கும் உமிழ்நீர் அமிலத்தைத் தணிக்கும் இயற்கைச் சோடாவாக அமைகின்றது.

பால் கூட்டுறவுச் சங்கத்தில் நாள்தோறும் கையில் கொடுக்கும் சீட்டு, தீவனக் கணக்கைச் சரிபார்க்க உதவும் ஒரு சோதனைச் சாலை. பசும்பாலுக்கு 3.5 விழுக்காடு கொழுப்பும், 8.5 விழுக்காடு கொழுப்பற்ற திடப்பொருளும் என்பது பரவலாக வழங்கும் அளவு. அளவு குறைந்தால் விலை குறைகின்றது. பால் திருப்பி அனுப்பப்படுவதும் உண்டு. கொழுப்பு மட்டும் வீழ்ந்து பாலின் அளவு குறையாதிருந்தால், மாவு மிஞ்சி நார் குறைந்தது என்று ஐயுறலாம். கொழுப்பு சரியாக நின்று திடப்பொருள் வீழ்ந்தால், பெரும்பாலும் சத்துக் குறை காரணமாக இருக்கும். இங்கேதான் பலரும் புண்ணாக்கை ஏற்றுவர். புரதம் ஏற்கெனவே போதுமானதாக இருந்து மாவுப்பொருள் குறைந்திருப்பின், ஏற்றிய புண்ணாக்கு பால் விலையை உயர்த்தாது. பாலில் யூரியா உயர்ந்து நிற்கும் பசுக்கள் சினை பிடிப்பதிலும் பின்தங்குவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஒரு பருவம் தவறினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அந்த இழப்பு எந்தச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை. மடிநோயும் கோடை வெப்பமும் இதே எண்களைக் கெடுக்கக் கூடியவை. ஆதலால் சீட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறாமல் மடியையும் தொட்டிப் பார்த்துச் சாணத்தையும் கவனிக்க வேண்டும்.

பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைப் பற்றி ஒரு சொல். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டங்கூட்டமாக இறந்தபோது, காரணம் கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூசணத்தின் நஞ்சு என்று கண்டறியப்பட்டது. அதற்கு அஃப்லடாக்சின் என்று பெயரிடப்பட்டது. பசு தின்றால் அதன் ஒரு கூறு பாலிலும் வருகின்றது. காய்ச்சினாலும் அது அழிவதில்லை. மலிவாகக் கிடைக்கின்றது என்று ஈரம் பட்ட மூட்டையை வாங்குவது, புரதத்தை வாங்குவதாகாது.

பள்ளி ஆசிரியர் இப்பாடத்தை வகுப்பறையிலேயே கண்ணுக்குக் காட்டலாம். கேழ்வரகு மாவு, தவிடு, கடலைப் புண்ணாக்கு, வைக்கோல் தூள் ஆகியவற்றைத் தனித்தனியே நீரில் குழைத்து, நீர்த்த அயோடின் துளி விட்டால் மாவு கருநீலமாகும். தவிடு அதனினும் மங்கலாக நிறம் மாறும். வைக்கோல் ஏறக்குறைய மாறாது. வேறு சோதனைக் குழாய்களில் அதே கரைசல்களுடன் மயில்துத்தக் கரைசல் சில துளியும் எரிசோடாக் கரைசலும் சேர்த்தால், புண்ணாக்கில் ஊதா நிறம் நன்கு தோன்றும். எரிசோடாவை ஆசிரியரே கையாள வேண்டும். மேல்வகுப்பினருக்கு இன்னொன்றும் சொல்லலாம். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் யோஹான் கெல்டால் 1883ஆம் ஆண்டு வெளியிட்ட முறைப்படி, தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கியதே கச்சாப் புரதம். யூரியாவிலும் நைட்ரஜன் இருப்பதால் அதுவும் இக்கணக்கில் புரதமாகவே தோன்றும். மூட்டையின்மேல் அச்சிட்ட விழுக்காட்டை இந்த அறிவோடு படிக்க வேண்டும்.

இதனினும் எளிய சோதனை ஒன்றுண்டு. கருவியாக ஒரு தராசு போதும். வீடுகளில் தீவனம் எடையால் இடப்படுவதில்லை. பழைய எண்ணெய் டப்பாவோ படியோதான் அளவு. மாணவர் தம் வீட்டு டப்பாவைக் கொண்டுவந்து, அதில் தவிட்டையும் மாவையும் உடைத்த புண்ணாக்கையும் தலைதட்டி நிரப்பி ஒவ்வொன்றாக நிறுக்கட்டும். தவிடு நிறைந்த டப்பாவின் எடை, புண்ணாக்கு நிறைந்த அதே டப்பாவின் எடையில் பாதிக்கு அருகில் நிற்பதைக் காண்பர். ‘மூன்று டப்பா’ என்று சொல்லி வந்த வீட்டில் எத்தனை கிலோ இடப்பட்டது என்பது அப்போதுதான் தெரியவரும். நிறுத்த எடைகளை வண்ணத்தால் டப்பாவின் புறத்தே எழுதி வீட்டிற்கு அனுப்பலாம். புதிய மூட்டை வாங்கும்போதெல்லாம் மறுபடி நிறுக்க வேண்டும்.